வெயிலில் விரித்த கிணற்றுக் கயிறு

1

இந்தக் கதை ஓர் அறுந்த கயிற்று நுனியாகத்தான் என்னிடம் வந்தது. தூர் எடுக்கக் கிணற்றில் இறங்கிய ஒருவன் விழுந்தான், பிழைத்தான், கால் நொறுங்கிவிட்டது. மறுநாள் மதுக்கடையில் அந்த நுனியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது, நார் தெரியும். ஐம்பத்து மூன்று வயதில் எழுத்துக் கற்றதும் முதலில் எழுத உட்கார்ந்தது இதைத்தான். ஒன்பது வருடமாகிறது.

முதல் தொடக்கம்: “செகூரா ஆற்றின் மீது சூரியன் பொன் தகடு போல...” (அடித்துவிட்டேன். நாளெல்லாம் புல் சுமந்தவர்கள் யாரும் சூரியனை அப்படிப் பார்த்ததில்லை.)

இரண்டாவது: “எஸ்பார்த்தோ என்பது மலையில் தானாக வளரும் புல். அதில் செருப்பு, கூடை, ஒலிவக்காய் பிழியும் வட்டப்பாய், கோவேறு கழுதைக்கு வாய்க்கூடை, மெத்தைக்குத் திணிப்பு...” (எங்கள் ஊரில் இதைப் படித்துக் காட்டினால், தண்ணீர் நனைக்கும் என்றும் எழுது என்பார்கள்.)

மூன்றாவது: “பாத்ரோ கயிற்றைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள்.” இது நிற்கட்டும்.

2

பாத்ரோ கயிற்றைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். விடிந்திருந்தது. கிணற்றில் இறங்கப்போகிறவன் அவள் புருஷன் ஒலெகாரியோ. கயிறு திரித்தவன் அவள் அண்ணன் ப்ளாஸ். (பெயர்கள் நான் வைத்தவை.)

ஆளை இறக்கும் எஸ்பார்த்தோ கயிறு முதல் நாள் மாலையே தொட்டிக்குள் போய்விட வேண்டும். ஊறிய நார் உப்பி ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் பழைய ரொட்டி போல நொறுங்கும். எங்களில் இது தெரியாதவர் கிடையாது. பாத்ரோவுக்கும் தெரியும், ஊறவும் போட்டாள்.

ஆனால் அவள் பதினொரு வருடமாக ஊறல் குளத்தில் வேலை செய்கிறவள். ஒரு மாதம் ஊறிய புல்கட்டைத் தண்ணீரிலிருந்து இழுப்பாள், உதறுவாள், சரிவில் வெயிலில் விரிப்பாள். அன்று காலை கயிற்றை இழுத்தாள், உதறினாள், வீட்டு மதில்மேல் வெயிலில் விரித்தாள். பிறகு வேலைக்குப் போய்விட்டாள்.

அது ஆகஸ்ட் மாதம். ஒலெகாரியோ பதினொரு மணிக்குத்தான் கயிற்றை எடுத்தான்.

(இதை எழுத்து வகுப்பில் படித்துக் காட்டினேன். “காஞ்ச கயிறுன்னு தொட்டா தெரியாதா அந்தாளுக்கு?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆகவே கிணற்றடியில் ஒருவர் கயிற்றின் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். மேற்புறம் கறுத்து, ஈரம் போலத் தெரிந்தது. உள்புரி காய்ந்தே கிடந்தது. உண்மையில் ஊற்றினார்களா, தெரியாது. அந்த வாளியை ஊற்றியது நான்.)

3

ஒலெகாரியோ கட்டிலில் கிடந்தான். காலின் இருபுறமும் பலகை வைத்துக் கட்டியிருந்தது.

“கயித்த ஊறப்போட்டியா இல்லையா?”

“ராத்திரி பூரா தொட்டியிலதான் கெடந்துச்சு.”

“அப்பறம் என்ன. உங்கண்ணன் புரியில நார மிச்சம் புடிச்சிருக்கான்.”

“அவன் அப்படிப்பட்ட ஆளில்ல.”

“ஆளு எப்படின்னு கெணத்துக்கு அடியில படுத்துப் பாத்தவன் நானு. ஒண்ணு சொல்றேன். இது ஒன்னால ஆயிருந்தா, ஒரே வீட்டுல எப்படி இருந்திருப்பேன்னு தெரியல. நல்லவேள, உங்கண்ணன்.”

அது தன்னால் ஆனது என்று அதுவரை பாத்ரோவுக்கும் தெரியாது. மறுநாள் குளத்தில் ஒரு கட்டை இழுத்து, உதறி, விரித்தபோதுதான் அவள் கை பாதியில் நின்றது.

பக்கத்தில் நின்ற கசில்டா அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு வேறு விஷயம் இருந்தது.

“பாத்ரோ, உங்கண்ணன்கிட்ட என் மாமியாருக்கு ஒரு ஊஞ்சக் கயிறு திரிச்சுத் தரச் சொல்லேன்.”

குளத்தில் எல்லாரும் சிரித்தார்கள். கசில்டா கெட்டவள் அல்ல. சிரித்து முடித்ததும், “கோவிச்சுக்காத. ஆனா மேஸ்திரி முடிவு பண்ணிட்டாராம். சனிக்கிழமையிலருந்து ப்ளாச கயித்துச் சக்கரத்த விட்டு எறக்கி மெத்தை அடைக்க அனுப்புறாராம். இருவத்தாறு வருஷம் கயிறு திரிச்ச ஆளு, பாவம்” என்றாள்.

அன்று வியாழன்.

4

இதிலிருந்து மூன்று வழி எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் பாத்ரோ புருஷனிடம் சொல்லிவிடுகிறாள். அவன் கோப்பையை வீசுகிறான், அவள் அழுகிறாள், அவன் ஏதோ... (இரண்டு பக்கம். பேசியது அவர்களில்லை, ஏதோ நாடகக்காரர்கள். கிழித்தேன்.)

இரண்டாவதில் அவள் சொல்லவில்லை. ப்ளாஸ் மெத்தை அடைக்கப் போகிறான். ஒலெகாரியோ கோலூன்றி நடக்கிறான். ஞாயிறுதோறும் மூவரும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்கள். ப்ளாஸ் மட்டும் எங்கே தப்பு விட்டோம் என்று விரலால் மேசைமேல் புரி போட்டுப் பார்த்துக்கொண்டே... (இது எழுத மிகச் சுலபமாக வந்தது. அதனால் நம்பவில்லை.)

மூன்றாவதில் அவள் மேஸ்திரியிடம் போய், அறுந்த கயிற்றின் மிச்சத்தை ஊறவைத்து இரண்டு ஆள் பாரம் தொங்கவிட்டுப் பாருங்கள் என்கிறாள். கயிறு தாங்குகிறது. (எனக்குப் பிடித்தது. ஆனால் அது நார் தெரிந்த என் மூளை. பயந்துபோன ஒருத்திக்கு அது தோன்றாது. தோன்றினாலும், அப்படியானால் கயிற்றைக் காயவைத்தது யார் என்று மேஸ்திரி அடுத்து கேட்பார்.)

5

ஆகவே வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளைக் கயிற்றுக் களத்துக்கு அனுப்பினேன். அதற்குமேல் தள்ள என்னால் முடியவில்லை.

கயிறு திரிப்பவன் இடுப்பில் நார்ச்சுமையைக் கட்டிக்கொண்டு, நுனியைச் சக்கரத்தில் மாட்டி, நார் கொடுத்துக்கொண்டே பின்னோக்கி நடப்பான். சக்கரத்தில் மோட்டார் ஓடும். இடையில் திரும்பிப் பார்க்க முடியாது. பார்த்தால் முறுக்குத் தளர்ந்துவிடும். பாத்ரோ களத்தின் கடைசியில், சுவரோரமாக நிற்கிறாள். ப்ளாஸின் முதுகு அவளை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

“யாரது, வழியில?”

“நான்தான்ண்ணே.”

“பாத்ரோவா? மச்சான் கால் எப்படி இருக்கு?”

“வலி கொறஞ்சிருக்கு.”

“என்னை வீட்டுக்கு வரச் சொல்லமாட்டார். பரவால்ல. நாளைக்கு மெத்தை அடைக்கப் போறேன், தெரியுமில்ல?” இன்னும் ஓர் எட்டு வைத்தான். “அன்னைக்கு நார் எடுத்தது, புரி போட்டது எல்லாத்தையும் மனசுல திரும்பத் திரும்பப் பாக்குறேன். ஒண்ணும் ஆப்புடல. நான் எதையோ பாக்காம விட்டிருக்கேன்.”

“அண்ணே.”

“சொல்லு. கைதான் வேலையா இருக்கு, காது சும்மாத்தான் இருக்கு.”

“கயித்த நான்...”

(இங்கேதான் ஒன்பது வருடமாக நிற்கிறது. நிஜத்தில் அவள் களத்துக்குப் போனாளா என்றே எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்றால் இருவருமே இப்போது இல்லை. ப்ளாஸ் கடைசிவரை மெத்தைதான் அடைத்தான். அவள் சொல்லியும், தங்கச்சி பேர் கெடாமல் இருக்க அண்ணனே வெளியில் சொல்லவேண்டாம் என்றிருக்கலாம். தெரியாதது தெரியாததுதான்.)

அவனுக்குச் சுவர் சேர இன்னும் நான்கு எட்டு இருக்கிறது. நான் எழுதாதவரை அவன் அந்த நான்கையும் வைக்கமாட்டான். அந்த வாக்கியத்தை முடிப்பதா, விழுங்குவதா என்பதை இனி உங்களிடம் விடுகிறேன். முடிப்பதானால் கொஞ்சம் உரக்கச் சொல்லவையுங்கள், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.