நாலாவது பிளக்

வெர்லினிடம் கெட்ட பழக்கம் என்று ஒன்றும் கிடையாது. குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவான். ஒரே ஒரு வீம்புதான். அவன் வண்டியில் அவனைத் தவிர எவனும் கை வைக்கக் கூடாது. தெற்கு டகோட்டாவின் மேற்குக் கோடியில் இருந்த அந்தச் சின்ன ஊரில் ஆம்பிளைகள் எல்லோரும் அப்படித்தான். பெண்டாட்டியை டாக்டரிடம் விடுவார்கள். வண்டியைப் பட்டறைக்கு விட்டால் மட்டும் மானம் போய்விடும்.

அந்த வீம்புக்குத்தான் மார்லிஸ் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுடைய அக்கா ஆர்டிஸ் மாநிலத்தின் மறுகோடியில், சூ ஃபால்ஸ் ஆஸ்பத்திரியில், இன்றோ நாளையோ என்று படுத்திருந்தாள். உயிர் இருக்கும்போதே ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். மார்லிஸுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

வீட்டில் வண்டிகளுக்குக் குறைச்சல் இல்லை. ஒன்று பிக்கப் டிரக், போன இலையுதிர் காலத்திலிருந்து சக்கரம் இல்லாமல் கட்டைமேல் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று எட்டு சிலிண்டர் எஸ்.யூ.வி. ஒரு குடும்பத்தையே உள்ளே குடிவைக்கலாம், அத்தனை பெரிசு. ஆனால் மேடு ஏறினால் குளிர்ஜுரக்காரன் மாதிரி உதறும். ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டும் என்று வெர்லின் சொல்ல ஆரம்பித்து இரண்டு குளிர்காலம் ஓடிவிட்டது. சனிக்கிழமை பாத்துக்கலாம் என்பான். எந்தச் சனிக்கிழமை என்று சொல்ல மாட்டான்.

வெள்ளிக்கிழமை தபாலாபீஸில் பட்டறைக்கார ஓரின் எதிர்ப்பட்டான்.

"வண்டிய இப்பவே கொண்டாந்து விடு வெர்லின். சாயங்காலம் தந்துர்றேன். அந்த இன்ஜின்ல பிளக் ரெண்டா ஒடியும்யா. நல்லா ஆற விட்டு, எண்ணெய் ஊத்தி ஊற வெச்சு, முன்னயும் பின்னயுமா கொஞ்சம் கொஞ்சமா திருப்பணும்."

"நீ தொட்டில்ல கெடக்கும்போதே நான் பிளக் கழட்டினவன்டா," என்று சிரித்தான் வெர்லின்.

அன்று சாயங்காலம் ஆர்டிஸ் போனில் பேசினாள். குரல் நூலாக இளைத்திருந்தது. கேலி மட்டும் இளைக்கவில்லை.

"எப்படி வர்றே? உன் புருஷன் வண்டிலயா? அவன் பானெட்டத் தொறந்தா என் சவப்பொட்டிய மூடினப்புறம்தான்டி மூடுவான்."

"ஏன்க்கா இப்படிப் பேசறே. நாளைக்கு ராத்திரி உன் பக்கத்துல இருப்பேன்."

"வா. வரும்போது ருபார்ப் ஜாம் எடுத்துட்டு வா. இங்க போடற சாப்பாடு நாய் திங்காது."

சனிக்கிழமை காலை அவள் ஜாம் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தாள். வெர்லின் வண்டியைக் கிளப்பி, எந்த சிலிண்டர் உதறுகிறது என்று காது கொடுத்து அரை மணி நேரம் கேட்டான். இன்ஜின் கொதித்துவிட்டது. ஆறும் வரைக்கும் சும்மா உட்கார அவனுக்குப் பொறுமை ஏது? அவசரமாகப் போகணும் என்று மார்லிஸே சொன்னாளே, அது போதாதா. பிளக்குகளின் மேலிருந்த காயில்களை உருவிவிட்டு ராட்செட் ஸ்பேனரை மாட்டினான். மூன்று பிளக் மரியாதையாக வந்தன. நாலாவது முறுக்கியது. அவனும் முறுக்கினான். 'டக்' என்று ஒரு சத்தம். மேல் பாதி கையில் வந்தது. கீழ்ப் பாதி பீங்கானோடு குழிக்குள் தங்கிவிட்டது.

அவன் முதலில் செய்த காரியம் கராஜ் கதவை இறக்கியதுதான். தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாதாம்.

"ஓரினக் கூப்பிடறேன்," என்றாள் மார்லிஸ்.

"கூப்பிடு. நாளைக்கு சர்ச்சுல என்னை வெச்சு ஊரே சிரிக்கட்டும்."

"அப்ப பக்கத்து வீட்டுல வண்டி கேக்கறேன்."

"வீட்டுல ரெண்டு வண்டிய வெச்சுக்கிட்டு ஊரான் வாசல்ல போய் நிப்பியா? ஒடஞ்சத எடுக்கறதுக்குன்னே கருவி இருக்கு. தபால்ல வரச் சொல்லிட்டேன். ரெண்டே நாள். உங்க அக்கா எங்க ஓடிப் போயிடுவா?"

மார்லிஸ் போனைக் கையில் எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிற்பாடு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது அவன்மேல் மட்டும் இல்லை. அந்தப் போனை வைத்த தன் கைமேலும்தான். இத்தனை வருஷம் அவன் மானத்துக்குக் காவல் காத்த கை, அன்றும் பழக்கம் மாறாமல் காவல் காத்தது.

ஆர்டிஸ் திங்கட்கிழமை விடியும் முன் போய்விட்டாள். கருவி செவ்வாய்க்கிழமை வந்தது.

"மார்லிஸ், இங்க வா, சத்தத்தக் கேளு!" என்று கராஜிலிருந்து கத்தினான் வெர்லின். "பூனை மாதிரி குறுகுறுங்குது பாரு."

அவள் சமையலறையில் கறுப்பு உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போகவில்லை.

அடக்கத்துக்கு வெர்லின்தான் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு சூ ஃபால்ஸ் வந்தான். முடிந்ததும் அங்கே சர்ச்சின் கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி வைத்த பன்னும் காபியும் கொடுத்தார்கள். மார்லிஸ் காபி ஜாடியோடு மேசை மேசையாகப் போனாள். மூலையில் ஆம்பிளைகள் கூட்டமாக நின்றார்கள், நடுவில் வெர்லின். கோட்டுப் பையிலிருந்து ஒடிந்த பிளக்கை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பீங்கான் அப்படியே உள்ள மாட்டிக்கிச்சு. வேற எவனா இருந்தாலும் இன்ஜினையே எறக்கியிருப்பான். நான் துணுக்கு விடாம வெளிய எடுத்துட்டேன். பட்டறைக்காரன் ஒருத்தன் கையும் படல."

"கெட்டிக்காரன்தான்யா நீ!" என்றான் ஆர்டிஸின் கணவனின் தம்பி. அந்தத் துண்டு கை மாறிக் கை மாறி மெச்சப்பட்டது.

மார்லிஸ் ஜாடியைக் கீழே வைத்தாள். அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்.

"வெர்லின், சாவியக் குடு. கைக்குட்டைய வண்டிலயே வெச்சுட்டேன்."

அவன் பேச்சை நிறுத்தாமலே கொடுத்தான்.

வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டுத்தான் வெளியே ஓடிவந்தான், கையில் பாதி பன்னோடு.

"ஏய், எங்க போறே?"

"வீட்டுக்கு."

"அப்ப நான் எப்படி வர்றது?"

அவள் கண்ணாடியை இறக்கி அவனை நன்றாகப் பார்த்தாள்.

"சனிக்கிழமை பாத்துக்கலாம்."

ஊர் எல்லை தாண்டியதும் முதல் மேடு வந்தது. உதறப்போகிறது என்று பழக்கத்தில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். உதறவில்லை. வண்டி வெண்ணெயாக வழுக்கி ஏறியது. பக்கத்து சீட்டில் துண்டில் சுற்றிய ஜாம் பாட்டில் அசையாமல் இருந்தது. அப்போதுதான் மார்லிஸ் வாய்விட்டு அழுதாள்.