மூன்றாவது கட்டை

காலை பத்து இருபது. செருப்பைக் கழற்றும்போதே தம்பி கேட்டான்.

"என்னக்கா, மறுபடியும் சத்தம் லேட்டா வருதா?"

"அது இல்ல. ஒரு கட்டையில இரைச்சல்."

"ஒண்ணுதானே. ரெண்டு நிமிஷ வேலை. டீ போட்டு வை."

அவள் டீ போடவில்லை.

பியானோ இருந்த சுவரோரம் இப்போது கணவனின் அலுவலக மேசை. ஒரு முனையில் அவனுடைய பிரின்டர். மறு முனையில் அவளுடைய கீபோர்டு, லேப்டாப், ஹெட்போன். தரையில் பியானோவின் உருளைகள் பதித்த பள்ளங்கள். ஒன்றின்மேல் குப்பைக்கூடை.

நான்கு மாதம் முன்பு தம்பிதான் இந்த யோசனையைச் சொன்னான். அவனுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை.

"உன் பியானோவையே கம்ப்யூட்டருக்குள்ள போட்டுடலாம்க்கா. ஹெட்போன் போட்டு வாசிச்சா பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டாரு. பியானோ அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பியானோ இருக்கும் என்பதால் சம்மதித்தாள். பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பது அவள் தொழில். அவர்கள் இங்கே வந்துதான் பயிற்சி செய்வார்கள்.

மூன்று நாள் பதிவு. எண்பத்தெட்டு கட்டைகள். ஒவ்வொன்றையும் நான்கு விதமாக, மெதுவிலிருந்து பலம் வரை அடிக்க வேண்டும். ஒலி முழுதாக அடங்கும்வரை விரலை எடுக்கக் கூடாது. பிரிட்ஜை அணைத்தார்கள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார்கள். பியானோவைக் கொஞ்சம் இழுத்து, அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே மைக்கை நிறுத்தினான் தம்பி.

"மூணு நாள் நான் வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதானே? கல்யாணம் ஆனதுலேர்ந்து பழக்கம்தான்" என்றான் கணவன். மூவரும் சிரித்தார்கள்.

பதிவு முடிந்த பதினோராம் நாள் கணவன் சொன்னான். அன்று காலையில்தான் ஒருவர் பியானோவை விலைக்குக் கேட்டாராம். ஒரு பள்ளிக்கூடத்துக்காம். யோசிக்க நேரமே தரவில்லையாம். சரி என்று சொல்லிவிட்டானாம்.

"அதான் எல்லாத்தையும் உள்ள எடுத்து வெச்சாச்சே."

மறுநாள், புதன்கிழமை, வண்டி வந்தது.

இரண்டு நாள் அவள் பேசவில்லை. தம்பிக்கு மட்டும் போன் செய்து அழுதாள். "விடுக்கா, மாமா யோசிக்காம பண்ணிட்டாரு" என்றான். மூன்றாம் நாள் கணவனிடம் பேசினாள். யோசிக்காமல் செய்த காரியத்தை எத்தனை நாள் பிடித்துத் தொங்குவது.

நேற்று ஒரு புதுப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தாள். கடைசிச் சுரத்தை இடதுகோடியில் வெகுநேரம் பிடித்து நிற்க வேண்டும். இதுவரை எந்தப் பாட்டிலும் வராத கட்டை. பிடித்து நின்றாள். பிறகு அதையே ஏழு முறை அடித்தாள்.

தம்பி ஹெட்போனை மாட்டினான். "எந்தக் கட்டை?"

"இடப்பக்கம் மூணாவது. பலமா அடிச்சு, விடாம பிடி."

அடித்தான். அவளுக்குக் கேட்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள். ஒலி தேய்ந்து இருபத்திரண்டாவது நொடியில் அதனடியில் கணவனின் குரல் வரும். மெல்லிய குரல். சுவருக்கு அந்தப்பக்கம் போனில் பேசியது.

'இந்தப் புதன் வேணாம், அடுத்த புதன் வண்டி அனுப்புங்க. அவகிட்ட இன்னும் சொல்லல. இந்த வேலை முடியட்டும்.'

இருபத்திரண்டு. தம்பியின் விரல் கட்டையிலேயே இருந்தது. கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் ஹெட்போனைக் கழற்றினான்.

"பக்கத்து ரூம்ல யாரோ..."

"யாரோவா?"

அவன் ஹெட்போன் வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

"அன்னிக்கு இந்தக் கட்டையைப் பிடிச்சிட்டு உன் மூஞ்சியத்தான்டா பாத்துட்டிருந்தேன். நீ ஹெட்போனோட சுவத்தைப் பாத்தே. அப்புறம் 'சரி, அடுத்தது'ன்னே. அப்பவே கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"திரும்ப அடிக்கச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஏன்னு கேப்பே."

"கேட்டிருப்பேன்."

"மாமாவே சொல்லிடுவாருன்னு நெனச்சேன்க்கா. வீட்டுக்குப் போய் சத்தத்தோட வாலை மட்டும் வெட்டிடலாம்னு இருந்தேன். முந்நூத்தம்பது துண்டு. விட்டுப்போச்சு."

"போன்ல 'யோசிக்காம பண்ணிட்டாரு'ன்னியே. அதுவும் விட்டுப்போனதா?"

அவன் லேப்டாப்பில் அந்தப் பதிவைத் திறந்தான். அந்த ஒலியின் கோடு இடப்புறம் தடித்து, வலப்புறம் நூலாக மெலிந்திருந்தது. நூலின் நுனியில் சின்ன முடிச்சு. அம்புக்குறியை முடிச்சின்மேல் கொண்டுபோய் வைத்தான்.

"என்ன மச்சான், சரியாயிடுச்சா?" சமையலறையிலிருந்து கணவன் கேட்டான்.

தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"வெட்டிடவாக்கா?"