அம்மா சொன்ன காலை

மேசையின் ஒரு முனையை லோகேஷ் தூக்கிவிட்டான். மறுமுனையை ஐஸ் பெட்டி கொண்டுவந்த ஆள் பிடித்திருந்தார். இருவருக்கும் நடுவே கம்ப்யூட்டர் திரை, விழப்போகும் பல்லைப்போல ஆடிக்கொண்டிருந்தது. பாரிவாக்கத்தில் கட்டிய சிறிய வீடு. மேசையை அகற்றினாலொழியக் கூடத்தில் பெட்டிக்கு இடமில்லை.

“இரு மாமே, ஒயரு கீது. இஸ்து எதுனா ஒடஞ்சிடப் போவுது.”

லோகேஷ் தன் முனையை இறக்கி வைத்துவிட்டு மேசைக்கு அடியில் குனிந்தான். கை எட்டவில்லை. வயிறு தரையில் படும்படி படுத்துச் சுவரோரம் துழாவினான். பிறகு உள்ளிருந்தபடியே சொன்னான்: “அட, ப்ளக்கு ஏற்கெனவே புடுங்கித்தான் கீது.”

அனுசுயா அப்போதுதான் வாசற்படி ஏறியிருந்தாள். ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள்; இன்னொன்று காலிலேயே இருந்தது. கூடத்தின் ஓரத்தில் பாயின்மேல் அவள் அப்பா துலுக்கானம் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியபடி கிடந்தார். அவள் பார்வை முதலில் அவரிடம் போகவில்லை. மேசை நகர நகர அதன் பின்னே தரையில் இழுபட்டுச் சென்ற கறுப்பு ப்ளக்கின்மேல் நின்றது.

அதைப் பிடுங்கச் சொன்னவள் அவள்தான்.

ஆறேழு மாதமாகவே அந்தக் கம்ப்யூட்டர் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. அணைவதில்லை, அப்படியே உறைந்துவிடும். திரையில் எழுத்து இருக்கும், அம்புக்குறி இருக்கும், மூலையில் மணி காட்டும் எண்ணும் இருக்கும், எதுவும் அசையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது ஆண்டுகள் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டி ஓய்வுபெற்ற துலுக்கானம் இதைத் தனக்கு நேர்ந்த அவமரியாதையாகவே எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் வாய்க்கு நேரே வைத்தார். உள்ளேயிருந்த பச்சைப் பலகைகளை உருவி ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினார். பூந்தமல்லியில் ரிப்பேர் பார்க்கிறவர், “பெரியவரே, இத்த தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு” என்றபோது, “வண்டி ஓடலன்னா ஓட்றவன மாத்து, வண்டிய மாத்தாத” என்று சொல்லிவிட்டு வந்தார். எதுவும் பலிக்காத நாளில் மகளுக்குப் போன் செய்வார். இரண்டு கையும் வேண்டுமென்பதால் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுவார்.

இன்று காலையும் அப்படித்தான்.

“அனு, மறுபடியும் நின்னுகிச்சும்மா.”

“பட்டன அமுக்கிப் புடிச்சியா நைனா?”

“அமுக்கிகினுதான் கீறேன். வரல் நோவுது. அம்பு கீற எடத்துலயே கீது.”

“அப்ப கீய குனிஞ்சி ப்ளக்க புடுங்கு. கொஞ்ச நேரம் வுட்டுட்டுப் போடு.”

“புடுங்கினா அடிச்சதெல்லாம் பூடுமே. கால்வா மனு, முக்கா பக்கம் வந்துட்டேன். இன்னிக்குக் குடுக்கணும்மா.”

“பூட்டா பூட்டும் நைனா. நான் சாயங்காலம் வந்து அடிச்சித் தரேன். எனக்கு மீட்டிங்கு. புடுங்கு, போன வெய்யி.”

“சரி, சரி. நீ வேலய பாரு.”

மீட்டிங் முடிந்து வெளியே வந்தபோது லோகேஷின் அழைப்புகள் வரிசையாக நின்றிருந்தன. மாமன் மகன் அவன். அடுத்த தெருவில் குடியிருக்கிறான். மயக்கம் என்றுதான் முதலில் சொன்னான்.

இப்போது அவள் அம்மா கன்னியம்மாள் பாயின் தலைமாட்டில் அமர்ந்திருந்தாள். மகளைக் கண்டதும் கையை நீட்டினாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகை அடங்குமுன்பே பழைய பிரஸ் கம்பெனி நண்பர் தேவராஜ் மாலையோடு உள்ளே வந்தார். சாவு வீட்டில் எல்லோரும் கேட்பதை அவரும் கேட்டார்.

“எப்டிம்மா ஆச்சி? முந்தா நாளு கூட என்னாண்ட பேசிகினு இருந்தானே!”

கன்னியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“காலைல எய்ந்தாருண்ணா. குளிச்சாரு. ரெண்டு இட்லி துன்னாரு. வாசல்ல சேர போட்டுகினு குந்தினாரு. ‘கன்னியம்மா, டீ போடு’ன்னாரு. நான் உள்ள போயி பால வெச்சிட்டுத் திரும்பிப் பாக்குறேன், தல சாஞ்சி கீது. ஒரு முழுங்கு டீ கூடக் குடிக்காம பூட்டாருண்ணா!”

அனுசுயா அம்மாவின் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள். அம்மா சொன்ன காலையில் கம்ப்யூட்டர் இல்லை. போன் இல்லை. மேசையே இல்லை.

அடுத்து வந்தவர்களுக்கும் அதே காலை சொல்லப்பட்டது. ஒவ்வொரு முறையும் அது சற்றே நிறைந்தது. இரண்டாம் முறையில் தெருவோடு போன பூக்காரியிடம் அவர் இரண்டு வார்த்தை பேசினார். மூன்றாம் முறையில் இட்லிக்குத் தக்காளிச் சட்னி வந்துவிட்டது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள், கஷ்டப்படாத சாவு என்றார்கள், கொடுத்துவைத்தவர் என்றார்கள். அம்மா மகளின் முகத்தை மட்டும் பார்க்காமல் அத்தனை பேருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லோகேஷ் வந்து மெதுவாகக் கேட்டான்: “அக்கா, பேனருக்குப் போட்டோ வேணுமாம். கம்ப்யூட்டர்லதான் மாமா போட்டோ கீது, இல்ல?”

உள்ளறையில் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். அனுசுயா ப்ளக்கைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் போடு என்று அவள் சொல்லியிருந்தாள். அந்தக் கொஞ்ச நேரம் இத்தனை நீண்டுவிட்டது. செருகினாள். விசிறி இரைந்தது. திரை வெளுத்து, நீலமாகி, பழைய போட்டோக்களின் பெயர்கள் ஒவ்வொன்றாய் எழுந்தன. அவற்றுக்கு முன்னால் ஒரு சிறு கட்டம் வந்து நின்றது: சேமிக்காமல் விட்ட பக்கம் ஒன்று மீட்கப்பட்டிருக்கிறது. அவள் அழுத்தினாள்.

பெறுநர், பொருள் எல்லாம் முறையாக இருந்தன. மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்பது, பள்ளிப் பிள்ளைகள் அதில் இறங்கி நடப்பது, கால்வாய் வெட்டித் தருவதாக அதிகாரிகள் மூன்று முறை வந்து அளந்து போனது. ஒற்றை விரலால் அடித்த முக்கால் பக்கமும் அப்படியே இருந்தது. எதுவும் போய்விடவில்லை. ‘ஆகவே’ என்ற சொல்லோடு நின்றிருந்தது.

அவள் அந்தச் சொல்லின் அருகே அம்புக்குறியைக் கொண்டுபோனாள். பாதி வழியில் அது உறைந்தது. மௌஸை அசைத்தாள், அசையவில்லை. பட்டனை அழுத்திப் பிடித்தாள், திரை மாறவில்லை. இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். சுவரோரத்து ப்ளக்கைப் பார்த்தாள். கை அந்தப் பக்கம் போக மறுத்தது.

“தேவராஜ் அண்ணாத்தே செல்லுலயே ஒரு போட்டோ கீதாம்க்கா,” என்று லோகேஷ் கதவருகே வந்து சொன்னான். “ரிட்டையர்மெண்டு அன்னிக்கு எடுத்தது. சிரிச்சிகினு கீறாரு.”

திரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டுச் சைனம்பு தன் வீட்டில் டீ போட்டுப் பெரிய போகினியில் கொண்டுவந்து, பின்வாசலில் டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தேவராஜின் குரல் கேட்டது: “எத்தினி டன் பிரஸ்ஸு! அத்தயே அதட்டி ஓட்னவன்பா. கடசில ஒரு டப்பா அவன் பேச்ச கேக்கலன்னு என்னாண்ட பொலம்புறான். ‘டேய், அதுக்கு யூனியன் கீதுடா, சொன்னா கேக்காது’ன்னேன்.” யாரோ சிரித்தார்கள், சிரித்தது உறைக்கவே இருமினார்கள்.

“சைனம்புக்கா, மொதல்ல ஓடியாந்தது நீதானா?”

“நான்தாம்மா. ஒங்கம்மா கத்துன கத்துல கைவேலைய அப்டியே போட்டுட்டு ஓடியாந்தேன். வந்து பாத்தா மேசைக்குக் கீய...” சைனம்பு நிறுத்தினாள். கையிலிருந்த டம்ளர் நிரம்பி வழிந்தது.

“சொல்லுக்கா.”

கூடத்திலிருந்து கன்னியம்மாளின் குரல் வந்தது: “சைனம்பு! தேவராஜ் அண்ணனுக்கு டீ குடுத்தியா?”

“தோ, குடுக்கறேன்!” சைனம்பு வழிந்த டீயைத் துணியால் ஒற்றினாள். குரலைத் தாழ்த்தினாள். “அனு, ஒங்கம்மா சொல்றதுதான் நடந்துச்சி. நீ வேற எதயும் நோண்டாத. ஆம்புலன்ஸ்ல வந்த ஆளு சொன்னாரு, பாயில படுத்துகினு இருந்தாலும் இந்த அட்டாக்கு வந்திருக்கும்னு.”

படுத்துக்கொண்டிருந்தாலும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும். அப்படியானால் மேசைக்கு அடியில், கை எட்டாத சுவரோரத்துக்கு உடம்பை ஒடுக்கி, மகள் சொன்னதை முடித்துவிட்டு. அனுசுயா பின்சுவரில் கையை ஊன்றி நின்றாள்.

கூடத்தில் கூட்டம் சற்றுக் குறைந்த நேரத்தில் அம்மாவின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

“அம்மா, காலைல நைனா எனக்குப் போன் பண்ணாரு.”

“மூஞ்சி கழுவுனியா நீ? வாயில ஒண்ணும் படல காலைலேர்ந்து.”

“ஸ்பீக்கர்லதான போட்டிருந்தாரு? நான் சொன்னது ஒனக்குக் கேட்டுச்சி இல்ல?”

கன்னியம்மாள் பெட்டியின் கண்ணாடியில் படிந்த நீர்ப்பனியை முந்தானையால் துடைத்தாள். “நான் பின்னாடி துணி தொவச்சிகினு இருந்தேன். எனக்கு இன்னா கேக்கும்?”

எல்லோருக்கும் சொன்ன காலையில் அவள் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தாள். சொன்ன பிறகுதான் அது அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்; துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஆண்கள் பேசத் தொடங்கியபோது, அரக்கோணத்திலிருந்து ரயிலேறி ஆவடியில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள் குப்பம்மா. துலுக்கானத்தைத் தூக்கி வளர்த்த அக்கா. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பெண்கள் தாங்கி உள்ளே கொண்டுவந்தார்கள். கண்ணாடிமேல் நெற்றியை வைத்து அழுதாள். அழுது ஓய்ந்ததும் தம்பி மனைவியின் முழங்காலைப் பிடித்தாள்.

“எப்டி பூட்டான்? எந்தம்பி கடசியா எப்டி இருந்தான்? சொல்லு கன்னியம்மா.”

கன்னியம்மாள் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து அழுதும் சொல்லியும் தேய்ந்த தொண்டையில் காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். பிறகு கையால் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

“நீ சொல்லுடி அனு,” என்றாள் குப்பம்மா.

கூடத்தில் இருந்தவர்கள் அனுசுயாவின் பக்கம் திரும்பினார்கள். நாள் முழுவதும் தேடிக்கொண்டிருந்த இடம் இதுதான், சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும். அவள் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“காலைல எனக்குப் போன் பண்ணாரு அத்தே.”

பின்வாசலில் டம்ளர் அடுக்கும் ஓசை நின்றது. கன்னியம்மாளின் கை பாயின் ஓரத்தைப் பற்றியது.

“இன்னா சொன்னான்?”

அனுசுயாவின் பார்வை பாயின் ஓரத்துக்குப் போயிற்று. அம்மாவின் விரல்கள் வெளுத்திருப்பதைக் கண்டாள்.

“‘நீ வேலய பாரு’ன்னாரு.” அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பறம்... வாசல்ல சேர போட்டுகினு குந்தினாரு அத்தே. அம்மாவ டீ போடச் சொன்னாரு.”

அதற்குமேல் என்ன வரும் என்பது அவளுக்கு மறந்துபோயிற்று. பூக்காரியா, சட்னியா என்று தேடினாள். பக்கத்தில் ஓர் உடைந்த குரல் கிளம்பியது. அம்மாதான்.

“வெயிலு ஏறிச்சி. சேர நெயலுக்கு இஸ்துப் போட்டுகினாரு.”

இது இதுவரை யாருக்கும் சொல்லப்படாதது.

“ஆமா,” என்றாள் அனுசுயா. “நெயலுக்கு இஸ்துப் போட்டுகினாரு.”

“அவனுக்கு வெயிலு ஆவாது,” என்றாள் குப்பம்மா. “சின்னதுலேர்ந்தே ஆவாது.”

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். அவளுக்கு வழிவிடுவதற்காகப் பெண்கள் சற்று ஒதுங்கினார்கள். படிக்கு வெளியே, மதில் ஓரத்தில், முருங்கையின் நிழல் வெறும் சிமெண்ட் தரைமேல் அசைந்துகொண்டிருந்தது. குப்பம்மா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனுசுயாவும் பார்த்தாள்.