தலைகீழாய் நின்ற நாரைகள்

நேற்றுக் காலையிலிருந்து வீட்டில் எதுவோ சரியில்லை என்று கென்சாகுவுக்குப் பட்டது. மாரடைப்பு வந்து மூன்று வாரமாகப் படுக்கையில் கிடக்கிறார்; ஆனால் காது என்னவோ பாம்புக்காதுதான். பெண்டாட்டி இசோ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டால், அத்தைக்குச் சளி, உங்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்றாள் மருமகள் மிசாவோ. சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை. இன்று விடிந்ததிலிருந்து ஊதுவத்தி வாசம் வேறு. மருந்து நெடி போகவாம். யார் காதில் பூச்சுற்றுகிறாள்!

எல்லாம் அந்த மடக்குத்திரைக்காகத்தான். ஆறு மடிப்பு, பொன் தாள் ஒட்டி நாணலும் நாரையும் வரைந்தது. இசோ கல்யாணத்தன்று கொண்டுவந்த சீர். பழம்பொருள் வியாபாரி ஒருவன் போன மாதம் கொட்டும் பனியில் இரண்டு முறை வந்து அதை மோப்பம் பிடித்துவிட்டுப் போனான். மகன் தட்சுவோ அவனுக்குத் தேநீர் கொடுத்து உபசரித்தான். இப்போது பக்கத்து அறையில் திரையை விரிக்கிறார்கள். காகிதக் கீல் முனகுகிற சத்தம் அவருக்குத் தெரியாதா? விற்கப் போகிறார்கள். இசோவும் இதற்குக் கூட்டா?

நகர்கதவு ஓர் அங்குலம் திறந்திருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். நாரைகள் தலை கீழே, கால் மேலே நின்றன.

செத்தவர் தலைமாட்டில்தான் திரையைத் தலைகீழாக நிறுத்துவார்கள். அடப் பாவிகளா, ஆள் போவதற்குள் ஒத்திகையா? கோபம் தலைக்கேறியது. மூன்று வாரமாக எழுந்திராதவர் சுவரைப் பிடித்து எழுந்தார். போய்க் கதவைத் தள்ளினார்.

"நான் இன்னும் சாகலடி. குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு?"

மிசாவோ கையில் ஒரு கிண்ணம். செத்தவருக்குப் படைக்கிற மாதிரி, குவித்த சோற்றில் சாப்பாட்டுக் குச்சிகள் செங்குத்தாக நின்றன.

"மாமா, டாக்டர்தான் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. அத்தை நேத்து அடுப்படில விழுந்தாங்க. இன்னிக்கு விடியக்காலைல..."

தட்சுவோ ஓடிவந்து தாங்கினான். கையை உதறிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார்.

இசோ படுத்திருந்தாள். முகத்தில் வெள்ளைத் துணி.

கென்சாகு பக்கத்தில் உட்கார்ந்து துணியை விலக்கினார். அவமானமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நேத்துலேர்ந்து எட்டிப் பாக்கலேன்னு, உன்னையும் சேத்துத்தாண்டி திட்டிக்கிட்டிருந்தேன்" என்றார்.