ஊசி இல்லாத கனெக்டர்

மீனவர் சங்கக் கந்தோர்ப் படியேறும்போதே அன்ரோனெற்றுக்குக் காது இரண்டும் சிவந்திருந்தன. கோபம் வந்தால் அவளுக்கு அப்படித்தான். ஒரு மாதமாகப் படகுகள் கடலிலிருந்து கரையைக் கூப்பிட்டால் ஒரே இரைச்சல். மீனவர் சங்கத் தலைவர் பஸ்ரியன் அதிகம் யோசிக்கவில்லை. ஊரில் வேறு யாரிடம் ரேடியோ இருக்கிறது? வங்கியில் வேலை செய்கிற இந்தப் பெட்டையிடம்தான். கொழும்புக்குப் போய்ச் சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து, முற்றத்தில் ஏரியல் குழாய் நட்டு, பொழுதுபோக்குக்கு ஊர் உலகத்தோடு கதைக்கிறாளாம். பிறகென்ன, கள்ளி பிடிபட்டாயிற்று.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? இரைச்சல் ஓய்ந்த நேரங்களில் படகுக்காரர் அவள் பேரைச் சொல்லித் திட்டுவதை அவளே தன் ரேடியோச் செற்றில் கேட்டாள். அவளுடைய லைசென்சுக்குப் படகுகள் பேசுகிற சனலில் கதைக்க அனுமதி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். இன்றைக்குக் குழாயைப் பிடுங்கச் சங்கம் ஆள் அனுப்பப் போகிறது என்று தெரிந்ததும் பொறுமை போய்விட்டது.

அவள் பஸ்ரியனின் மேசையில் தன் கைச்செற்றையும் தீப்பெட்டியளவு கவுண்டரையும் வைத்தாள். தபாலில் வந்த மலிவான சீனச் சாமான். ஒரு செற் எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று எண்ணிக் காட்டும். இரண்டையும் ஒரு வயரால் இணைத்து, கனெக்டரை இறுக்கித் திருகினாள்.

“நான் கதைக்கிறது நூற்றி நாற்பத்தைந்து மெகாஹேர்ட்ஸ். உங்கட சனல் நூற்றி ஐம்பத்தாறு. நீங்களே பாருங்கோ.”

கவுண்டரைப் போட்டுக்கொண்டே செற்றின் பொத்தானை அமத்தினாள். கவுண்டரில் நூற்றைம்பத்தாறு விழுந்தது.

கந்தோர் முழுக்கச் சிரித்தது. அன்ரோனெற்றுக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது.

“உன்ர மிசினே சொல்லுது, பிள்ளை,” என்றார் பஸ்ரியன். “இனி என்ன கதை?”

அவள் ஆத்திரத்தில் செற்றின் பற்றரியைக் கழற்றி மேசையில் அடித்தாள். எண் அசையவில்லை. செத்த செற் எப்படிப் பேசும்? கனெக்டரைக் கழற்றிப் பார்த்தாள். மரை அழகாகப் பூட்டிக்கொண்டிருக்கிறது, நடுவில் இருக்கவேண்டிய ஊசியைத்தான் காணவில்லை. மலிவென்று வாங்கியபோது கவனிக்காமல் விட்ட தன்னைத்தான் முதலில் திட்டினாள். ஓட்டையும் ஓட்டையும் முட்டிக்கொண்டிருந்தால் அவளுடைய செற்றின் சத்தம் கவுண்டருக்கு எப்படிப் போகும்? கவுண்டர் பக்கத்திலேயே பேசுகிற வேறு யாரையோ காற்றில் பிடித்து எண்ணிக்கொண்டிருக்கிறது.

யாரை? சுவரோரம் சங்கத்துச் செற் இருந்தது. உப்புக்காற்றுப் படாமல் இருக்க யாரோ நல்ல மனசோடு பூவேலைத் துணி போர்த்தியிருந்தார்கள். அன்ரோனெற் துணியை இழுத்தெறிந்தாள். பேசும்போது மட்டும் எரியவேண்டிய சிவப்பு லைற் எரிந்துகொண்டிருந்தது. மைக்கின் வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். மைக் சுவரில் மாட்டியிருந்த புனித சந்தியோகுமையார் படத்துக்குப் பின்னால், முகம் சுவரோடு ஒட்ட, பொத்தான் சட்டத்தில் அமுங்க, இறுக்கமாகச் செருகிக் கிடந்தது.

“மைக் மாட்டுற கொழுவி உடைஞ்சு போச்சு,” என்றார் பஸ்ரியன் மெல்ல. “தொங்க விட்டால் பழுதாகும் எண்டு நான்தான் அதுக்குள்ள வைக்கிறனான்.”

அவள் மைக்கை உருவியதும் லைற் அணைந்தது. அதை அவரிடம் நீட்டினாள். “படகுகளுக்குச் சொல்லுங்கோ, அண்ணை. ஆரால வந்ததெண்டு சொல்லுங்கோ.”

பஸ்ரியன் தொண்டையைச் செருமினார். “கரையில இருந்து கதைக்கிறன். ஒரு சின்னக் கோளாறு. சரிப்பண்ணியாச்சு.”

விடத்தல்தீவுப் பக்கம் நின்ற படகொன்று உடனே கேட்டது: “அப்ப அந்தப் பெட்டையின்ர குழாயைப் பிடுங்கியாச்சோ?”

பஸ்ரியன் அவளைப் பார்த்தார். கந்தோரில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு பொத்தானை அமத்தி, “ஓம், பிரச்சினை முடிஞ்சுது,” என்றார்.

அன்ரோனெற் அவர் கையிலிருந்து மைக்கைப் பறித்தாள்.

“அன்ரோனெற் கதைக்கிறன். இந்தச் சனலில நான் வாய் திறக்கிறது இதுதான் முதல்தரம். இதால என்ர லைசென்ஸ் போனாலும் போகட்டும். ஒரு மாதமா உங்களை மறிச்சது சங்கத்து மைக். அதை அமத்தி வச்சது பஸ்ரியன் அண்ணை. என்ர குழாய் நட்ட இடத்திலதான் நிக்குது. பிடுங்க நினைக்கிற ஆள் இப்ப பேரைச் சொல்லட்டும்.”

பொத்தானை விட்டாள். மைக்கைப் படத்துக்குப் பின்னால் அல்ல, பொத்தான் மேலே தெரிய மேசையில் வைத்தாள்.