விற்காத ஈரல்

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இந்தத் தடவ நுரையீரல்லம்மா" என்றார் டாக்டர். இரண்டு வருடத்துக்கு முன் என் ஈரலிலிருந்து நீர்க்கட்டியை எடுத்துத் தைத்த தழும்பே இன்னும் அரிக்கிறது. "பழசோட மிச்சமா, புதுசா ஒட்டுனதான்னு சொல்ல முடியாது. நாய்க்குப் பச்ச ஈரல் போடறத நிறுத்தியாச்சா?" என்று கேட்டார். நான் பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

உத்தனப்பள்ளியில் எங்களுக்கு வீட்டோடு சேர்ந்த ஆட்டுக்கறிக் கடை. நாராயணப்பன் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பார்கள். அறுத்த ஆட்டின் ஈரலில் ஒரு கொப்புளம் தெரிந்தாலும் மனிதர் விற்கமாட்டார். அந்த நல்ல பெயர்தான் என் உயிரை வாங்குகிறது. விற்காத ஈரல் கடைவாசலில் கிடக்கும் டைகருக்குப் போகும். கட்டியிலிருக்கும் பூச்சி நாயின் குடலில் வளர்ந்து முட்டை போடும், முட்டை அதன் மயிரெல்லாம் ஒட்டியிருக்கும், அதைத் தடவிய கையோடு சாப்பிட்டால் மனிதருக்குள்ளும் கட்டி வரும் என்று முதல் ஆப்பரேஷனின்போதே டாக்டர் படம் வரைந்து சொன்னார். இவர் தலையைத் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு வந்து அதையேதான் செய்தார்.

கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை.

"எத்தன வாட்டிங்க சொல்றது? குழி தோண்டிப் பொதைக்கக் கை வராதா?"

"வித்திருந்தா ஊரே காறித் துப்பும். வாயில்லா ஜீவனுக்குப் போட்டது ஒரு தப்பா சுஜாதா?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டால நின்னு அழுதீங்களே. உள்ள என்கிட்டருந்து எடுத்தது, நீங்க டெய்லி நாய்க்கு வீசறீங்களே, அதேதான்."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அறுத்த இரண்டில் ஒன்றின் ஈரல் முழுக்கக் கொப்புளம். நான் சொல்லாமலே கடப்பாரையை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தது இந்தப் புத்தி என்று கோபமும் வந்தது.

"ஆழமா தோண்டனீங்களா?"

"ஒரு சாணுக்கு மேல பாறை தட்டுது. மேல கல்லு வெச்சிருக்கன், போதும் போ."

சாயங்காலம் துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். கல் உருண்டு கிடந்தது. பள்ளத்தில் ஒன்றுமில்லை. வாசலுக்கு ஓடினேன். என் மகள் பிரியா படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த போனில் என்னவோ பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கெல்லாம் செம்மண்ணாக டைகர் அவள் விரல்களை நக்கிக்கொண்டிருந்தது. கூப்பிட வாயெடுத்தேன். இருமல் பிடித்துக்கொண்டது, மூச்சே வரவில்லை. அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்தக் கையாலேயே மிக்சர் பாக்கெட்டைப் பிரித்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.