முகாம் வாசலில் காதுகுத்து

தங்கச்சிமடம் கடற்கரையில் வேனை நிறுத்தி, காலைச் சாப்பாட்டை இறக்கினார்கள். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம். தவசியின் தங்கை முருகேஸ்வரியின் கைக்குழந்தைக்கு இராமேஸ்வரத்தில் காதுகுத்து. பத்தரைக்குள் தாய்மாமன் மடியில் வைத்துக் குத்திவிட வேண்டும். புது வேட்டி கசங்கக்கூடாதென்று தாய்மாமனான தவசி நின்றபடியே இட்லி தின்றுகொண்டிருந்தான்.

அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் மறுபடி சண்டை மூளப்போகிறது என்று எங்கும் பேச்சு.

கை கழுவப் போன முருகேஸ்வரி, தாழம்புதருக்குப் பின்னாலிருந்து இரண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்தாள். மூத்தவள் சுகந்திக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், தம்பிக்கு ஐந்து. உடுப்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

“படகில ரெண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது. அம்மா அடுத்த படகில வாறன் எண்டவ. படகுக்காரர் எங்கள இறக்கிவிட்டு, ஒருத்தர் கண்ணிலயும் படாதேங்கோ எண்டிட்டுப் போயிட்டார்,” என்றாள் சுகந்தி.

தவசி இட்லித் தட்டைக் கீழே வைத்தான். “திங்கக் குடுத்து அனுப்பிவிடு முருகு. போலீஸு, கேஸுன்னு நமக்கு எதுக்கு வம்பு?”

“மண்டபத்துல அகதி முகாம் இருக்குண்ணே. விட்டுட்டு வந்துருவோம்.”

“மறுபடி பாலத்தத் தாண்டிப் போகணும். நல்ல நேரம் போயிரும்.”

சுகந்தி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்களால உங்கட விசேஷம் நிக்க வேண்டாம் மாமா. வழியக் காட்டுங்கோ, நடந்து போறம்.”

தவசி அவள் காலைப் பார்த்தான். செருப்பில்லை. சிப்பி கிழித்த இடத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. உப்பும் மணலுமாய் நின்ற பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

“ஏலே பாண்டித்துரை, வண்டியத் திருப்பு,” என்றான் டிரைவரிடம்.

பாம்பன் பாலத்தில் ரயில் போவதைப் பார்த்துப் பையன் கைதட்ட, வேன் முழுக்கச் சிரிப்பு. முகாமில் பெயர் பதியும் இடத்தில் நீண்ட வரிசை. நடுவில் நின்ற ஒருத்தியைக் கண்டதும் சுகந்தி ஓடினாள். விடியற்காலையில் வேறு படகில் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கரையேறி, போலீஸ் கொண்டுவந்து விட்ட அவள் அம்மாதான். பிள்ளைகளை எங்கே தேடுவதென்று தெரியாமல் அதுவரை அழுதுகொண்டிருந்தவள், இரண்டையும் சேர்த்து அணைத்தபடி தவசியைப் பார்த்துக் கும்பிட்டாள். அவன் துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

மணி பதினொன்றரை. “நேரம் போச்சேய்யா, வேற நாள் பாப்பமா?” என்றார் கூட வந்திருந்த ஆசாரி.

முகாம் வாசல் வேப்பமரத்தடியில் தவசி சம்மணமிட்டு உட்கார்ந்தான். “பிள்ளையக் குடு முருகு. இங்கனயே குத்துங்க ஆசாரி.”

குழந்தை வீறிட்டது. சுகந்தி எதிரே குந்தி, கன்னத்தை உப்பிக் கண்ணை உருட்டிக் காட்ட, அழுகை பாதியில் சிரிப்பானது. வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் முருகேஸ்வரி லட்டு கொடுத்தாள்.

“வம்புன்னு சொன்னியேண்ணே,” என்றாள் அண்ணனிடம்.

“புத்தி கெட்டுச் சொன்னேன் ஆத்தா. ஒரு பிள்ளை தவிச்சு நிக்கையில நமக்கென்னன்னு ஒதுங்குறோம் பாரு, அதுதான் கெட்ட நேரம். யார் பெத்ததா இருந்தாலும் மொதல்ல அதத் தூக்கணும். நம்ம வீட்டு விசேஷமெல்லாம் அதுக்குப் பெறகுதான்.”